வெள்ளை எங்கே நிற்கும்?

கஜபதி ஒரு வீட்டுக்குள் நுழைந்து, குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, ஃபில்டர்களை மாற்றி, மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரம் பதினொரு நிமிடம். வீட்டம்மா காபி கலந்து எடுத்து வருவதற்குள் அவருடைய பைக் தெருமுனையில் இருக்கும். வேலையில் குறை சொல்ல முடியாது. சமையல் மேடையில் அவருடைய ஸ்பேனர் மட்டும் கிடக்கும். அதை எடுக்கத் திரும்பி வருவார். வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போவார்.

நாற்பத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா தேவராஜ் செய்யாறு பக்கத்திலிருந்து வந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். முப்பத்திரண்டு வருடம் ஒரே லேத் மெஷின் முன்னால் நின்றார். மகனுக்குரிய பங்கையும் அவரே சேர்த்து நின்றுவிட்டாரோ என்னவோ, கஜபதியால் பஸ் ஸ்டாப்பில்கூட நிற்க முடியாது. பஸ் வராவிட்டால் அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பார். நடக்கும்போது பஸ் அவரைக் கடந்து போகும். ஐ.டி.ஐ. படித்தார். கேபிள் டிவி, கூரியர், செல்போன் பழுது, லிஃப்ட் கம்பெனி என்று போய் ஒன்பது வருடமாகக் குடிநீர் இயந்திரத்தில் இருக்கிறார். எந்த முதலாளியும் அவரைப் போகச் சொன்னதில்லை. ஒரு வேலையை நன்றாகக் கற்றுக்கொண்ட மறுமாதம் அவரே கிளம்பிவிடுவார். இந்த வேலையில் நீடிப்பதற்குக் காரணம், இதில் தினமும் ஒன்பது வீடுகளிலிருந்து கிளம்ப முடிகிறது என்பதுதான்.

அவர் உட்கார்ந்து செய்த ஒரே காரியம் கேரம். குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தில் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியவர். பலகையின் எந்த மூலையில் காய் கிடந்தாலும் அவர் சுண்டினால் குழிக்குள் போகும். அந்தக் கண்ணையும் கையையும் எடுத்துக்கொண்டுதான் நான்கு வருடத்துக்கு முன் அம்பத்தூர் ஓ.டி.யில், செருப்புக் கடைக்கு மேல் முதல் மாடியில் இருக்கும் பூல் பார்லருக்குள் நுழைந்தார். அங்கே ஒரு ஏ.சி.யைப் பழுது பார்க்க வந்த நண்பருடன் சும்மா மாடி ஏறியவர்தான்.

பூல் விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு குழிகள். குச்சியால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடிக்கலாம். அது போய் மற்றப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். ஒருவருக்கு முழு நிறப் பந்துகள் ஏழு, மற்றவருக்குப் பட்டை போட்டவை ஏழு. தன் ஏழும் உள்ளே போனபின் கறுப்பு எட்டாம் எண்ணைப் போட்டால் வெற்றி. பந்து விழும்வரை ஆட்டம் உங்களுடையது, தவறினால் எதிராளியுடையது. வெள்ளையே குழியில் விழுந்தால் தப்பு; கறுப்பைப் போடும் அடியில் விழுந்தால் ஆட்டமே தோல்வி. கேரம் ஆடியவருக்கு இதில் என்ன புதிது என்று கஜபதி கேட்டார். முதல் நாளே மேசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு பந்தைச் சீறவிட்டுக் குழியில் போட்டார். பார்லரே விசிலடித்தது.

புதிது என்னவென்றால், கேரத்தில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வந்துவிடும்; அதை எடுத்துக் கோட்டில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அது எங்கே ஓடி எங்கே நின்றால் நமக்கென்ன? பூலில் வெள்ளைப் பந்து எங்கே நின்றதோ அங்கேயிருந்துதான் அடுத்த அடி. கஜபதி அடித்த பந்து குழியில் விழும். வெள்ளையோ ஊர் சுற்றிவிட்டு, எதிராளியின் மூன்று பந்துகளுக்குப் பின்னால் போய், எதுவும் தெரியாத பிள்ளைபோல் நிற்கும். அங்கிருந்தும் அவர் ஒரு அதிசய அடி அடிப்பார். மறுபடி விசில். மறுபடி வெள்ளை இன்னும் மோசமான சந்துக்குள் போகும். மூன்றாவது அதிசயம் நடக்காது. நான்கு வருடமாக அவர் விசில் வாங்கிக்கொண்டே தோற்றுவந்தார்.

"மாமே, உன் ஆட்டம் சூப்பர். ஜெயிக்கிறது மட்டும்தான் பேலன்ஸ்" என்பார் முனியன். பூந்தமல்லி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மெட்ரோ வேலையால் ரோடு அடைத்துக்கொண்டால் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் பார்லருக்கு வந்துவிடுவார். அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் எப்படி ஆட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பார்லரை நடத்துபவர் ஜமீலா. முப்பத்தாறு வயது, பி.காம். அண்ணன் ஆரம்பித்துவிட்டுத் துபாய் போனதை எடுத்து நடத்துகிறார். அந்த மூன்று மேசைகளில் மிக நன்றாக ஆடக்கூடியவரும் அவர்தான். அதனாலேயே ஆடுவதை நிறுத்திவிட்டார். ஓனரம்மாவிடம் தோற்ற ஆண்கள் மறுவாரம் வருவதில்லை என்று கண்டுகொண்டதால், மேசையைவிட்டு ஒதுங்கி, மற்றவர்கள் தவறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை உள்ள ஐந்து பார்லர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு லீக் நடத்துகின்றன. அணிக்கு நான்கு பேர். ஐந்தாவதாக ஒருவர் மாற்று. இரண்டு வருடமாக அந்த மாற்று கஜபதிதான். மாற்று ஆட்டக்காரரின் வேலை நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. ஊரில் எத்தனையோ பேருக்குப் பொருந்தக்கூடிய அந்த வேலை, அதற்குத் துளியும் பொருந்தாத ஒரே மனிதருக்குக் கிடைத்திருந்தது.

இதில் சிக்கல் வேறு ஒன்று. வீட்டில் அவர் சொல்லியிருந்தது 'டீம்ல ஆடறேன்' என்று. மனைவி கஸ்தூரி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்த ஒரு வாக்கியத்தை நம்பி விட்டுக்கொடுத்தவர். இந்த வருடம் திடீரென்று, "முதல் மேட்ச் நம்ம ஊர்லதானே, நானும் ஷர்மிளாவும் வந்து பாக்கறோம்" என்றார். ஷர்மிளா அதே கம்பெனிக்காரி; எதைப் பார்த்தாலும் மறுநாள் மொத்த லைனுக்கும் சொல்லிவிடுவாள்.

"அங்க இன்னா கீது பாக்க? ஒரே புழுக்கம்" என்றார் கஜபதி.

"ரெண்டு வருஷமா நீ மட்டும் புழுங்கினே இல்ல? நானும் ஒரு நாள் புழுங்கறேன்."

அதே வாரம் அணியின் நான்காவது ஆட்டக்காரர் ஓசூருக்கு மாற்றலாகிப் போனார். இடம் காலி. கஜபதி மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்து கேட்டார். ஜமீலா தலையை ஆட்டவில்லை.

"விக்ரமும் கேட்டிருக்காரு, கஜண்ணா. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஆடுங்க. மூணுல ரெண்டு ஜெயிக்கிறவங்களுக்கு சீட்டு."

விக்ரம் கோயம்புத்தூர்க்காரர். ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கத்து அடுக்ககத்தில் குடியிருக்கிறார், ஐ.டி. கம்பெனி வேலை. ஆபீஸ் மாடியில் பூல் கற்றுக்கொண்டவர். கஷ்டமான பந்து ஒன்றைக்கூட அவர் போட்டதில்லை. கஷ்டமான பந்து அவருக்கு வருவதேயில்லை. வெள்ளையை வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். கஜபதிக்கு அந்த ஆட்டத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவியிடம் இதுவரை பதினாறு முறை தோற்றிருந்தார்.

"ஒன்பது நாள்ல எனுக்கு அந்த வெள்ளைய அடக்கக் கத்துக்குடு ஜமீலாம்மா."

"வெள்ளைய அடக்கறது அப்பறம். நீங்க அடிச்ச உடனே உங்க இடது கை எங்க போவுது தெரியுமா?"

"கை எங்க போவும்? தோள்லதான் கீது."

முனியன் உடனே செல்போனில் படம் பிடித்தார். ஏழு அடி. ஏழிலும் அடித்த மறுகணம் கஜபதி விருட்டென்று நிமிர்கிறார். குச்சியைத் தாங்கியிருந்த இடது கை மேசையை விட்டு எழுந்து, உள்ளங்கை மேல்நோக்கி, குழிப்பக்கம் நீள்கிறது. கோயிலில் பிரசாதம் வாங்குகிற கை.

"ஸ்ட்ரைக்கர் எடுக்கப் போறீங்க" என்றார் ஜமீலா. "அது திரும்பி வரும்னு உங்க கை இன்னும் நம்பிக்கினு இருக்கு. அதான் வெள்ளை எங்க போவுதுன்னு நீங்க பாக்கறதே இல்ல."

"நாலு வருஷமா நீட்டிக்கினு கீறான், ஒருத்தனும் ஒரு சுண்டல்கூட போடல" என்றார் முனியன்.

கஜபதி போனைப் பிடுங்கி மூன்று முறை பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். திருவேற்காட்டில் ஒரு வீட்டில் ஃபில்டர் மாற்றிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஸ்பேனர் அந்த வீட்டிலேயே கிடந்தது.

ஜமீலா பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட கருவி கஜபதியின் சொந்தச் சரக்கு. 'வீடு தேடி வருவோம், நிமிடத்தில் முடிப்போம்' என்று அவர் அச்சடித்து வீடுவீடாகப் போடும் இளஞ்சிவப்பு நோட்டீஸ். அதில் ஒன்றை மேசைத் துணியின்மேல் விரித்தார். ஒரு பந்தைக் குழியில் போட வேண்டும். வெள்ளை ஓடிப்போய் அந்த நோட்டீஸின்மேல் நிற்க வேண்டும். நிற்கும்வரை கஜபதி குனிந்தபடியே இருக்க வேண்டும், இடது கை மேசையை விட்டு எழக் கூடாது.

முதல் நாள் முப்பது அடி. முப்பது பந்தும் குழியில். வெள்ளை நோட்டீஸில் நின்றது நான்கு முறை. குனிந்தபடி இருந்தது ஒரு முறைகூட இல்லை.

"ஒரு பந்து ஓடி நிக்க நாலு செகண்டுண்ணா. நாலு செகண்ட் சும்மா இருங்க."

"நாலு செகண்டுல நான் ஒரு மூடி கழட்டிடுவேன்!"

அவருக்கு முதுகு அரித்தது. மூக்கு அரித்தது. போன் அடிக்காமலே அடித்ததுபோல் இருந்தது. பந்து உருளும்போது மனிதன் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை அவர் உடம்பு ஒத்துக்கொள்ள மறுத்தது.

மூன்றாம் நாளிலிருந்து வெள்ளையின் குணம் பிடிபடத் தொடங்கியது. நடுவுக்குச் சற்றுக் கீழே கெட்டியாகத் தட்டினால், மற்றப் பந்தில் நேராக மோதி அங்கேயே நிற்கும். மேலே தட்டினால் பின்னாலேயே ஓடும். நன்றாகக் கீழே இறக்கித் தட்டினால் திரும்பி வரும். கஜபதிக்கு நிறுத்துவதும் திருப்புவதும் பிடித்துப்போயின. எல்லாப் பந்தையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளையை அங்கங்கே செத்த பாம்பாக நிறுத்தினார். ஜமீலா அதையும் கெடுத்தார்.

"நேரா நின்னா தப்பு."

"இன்னாம்மா இது? கோணலா நின்னா தப்புன்ன. இப்ப நேரா நின்னாலும் தப்பா?"

"நேரா இருந்தா பந்த போடலாம். ஆனா வெள்ளை முன்ன போவும், பின்ன வரும், அவ்வளவுதான். கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் பக்கவாட்டுல வேற ஊருக்குப் போவ முடியும். அடுத்த பந்துக்கு எந்தப் பக்கம் கோணல் வேணும்னு இப்பவே யோசிக்கணும்."

"அப்ப அதுக்கு அடுத்தது?"

"அதான். கறுப்புலேர்ந்து பின்னாடி வாங்க. கறுப்ப எங்கேர்ந்து அடிப்பீங்க? அங்க வர, அதுக்கு முந்தின பந்து எது? அதுக்கு முந்தினது?"

பார்லரில் நின்றிருந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் தத்துவம் வந்துவிட்டது. வாழ்க்கையும் இப்படித்தான், போய்ச் சேரும் இடத்தை முதலில் முடிவு செய்யணும் என்று முனியன் ஆரம்பித்தார். "அதெல்லாம் கீழ டீக்கடையில பேசுங்க" என்றார் ஜமீலா. கஜபதி இந்த உரையாடலைக் கவனிக்கவேயில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அவர் நடப்பதற்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்திருந்தது.

நோட்டீஸை ஜமீலா பாதியாக மடித்தார். பிறகு காலாக. எட்டாம் நாள் முப்பதில் பத்தொன்பது முறை வெள்ளை அந்தக் கால் துண்டில் நின்றது. அன்று மாங்காட்டில் ஒரு வீட்டம்மா கொடுத்த காபியை அவர் நின்று குடித்தார் என்றும், தண்ணீரைச் சோதித்துக் காட்டினார் என்றும், அந்தம்மா பயந்துபோய் 'உடம்பு சரியில்லையா' என்று கேட்டார் என்றும் அவரே வந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. பார்லரில் இருபது பேர். விக்ரம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். "ஆல் த பெஸ்ட்டுங்க சார்" என்று கை கொடுத்தார். கஜபதிக்கு அந்தக் கை ஜில்லென்று இருந்தது. தன் கை மட்டும் கொதிப்பதாகத் தோன்றியது.

முதல் ஆட்டத்தில் பழைய கஜபதிதான் ஆடினார். அடித்ததும் நிமிர்ந்தார், கை நீண்டது, இரண்டு அதிசயம், இரண்டு விசில், தோல்வி. இரண்டாவதில் விக்ரம் கறுப்பு ஒன்றே மீதியிருக்க அதைத் தவறவிட்டார்; கஜபதி மிச்சத்தைப் போட்டு முடித்தார். ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவதில் விக்ரம் மூன்று பட்டைப் பந்துகளைப் போட்டுவிட்டு நான்காவதில் குழியின் விளிம்பைத் தொட்டார். பந்து வெளியே நின்றது. முழு நிறம் ஏழும், கறுப்பும், அணியின் நான்காவது சீட்டும் இப்போது கஜபதியின் கையில்.

கறுப்பு வலப்பக்க நடுக்குழிக்கு அருகில் கிடந்தது. அவர் அதிலிருந்து பின்னால் வந்தார். கறுப்புக்கு முன் நீலம். நீலத்துக்கு முன் மஞ்சள். மேசையை இரண்டு சுற்று வந்தார்.

"அண்ணாத்தே, அந்தக் கோடி சிவப்பு! ஒரே அடி, தூக்கு!" என்று கத்தினார் முனியன். அந்தச் சிவப்பு மேசையின் மறுமுனையில், கஜபதிக்கென்றே வைத்ததுபோல் கிடந்தது. அவர் கண் ஒரு முறை அங்கே போயிற்று. பிறகு பக்கத்திலேயே கிடந்த பச்சையை நோக்கிக் குனிந்தார். பச்சை விழுந்தது. அவர் குனிந்தே இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெள்ளை நின்றது. நிமிர்ந்தார்.

ஆரஞ்சு. பிறகு ஊதா. சிவப்பு தானாகவே பக்கத்தில் வந்துவிட்டதுபோல் எளிதானது. ஐந்தாவதாகப் பழுப்பைப் போடும்போது வெள்ளை ஒரு சாண் அதிகமாக ஓடிவிட்டது. மஞ்சளுக்கு வேண்டிய கோணல் இல்லை. இங்கேயிருந்து மஞ்சளைச் சுழற்றி அடித்தால் விசிலில் கூரை பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் வெள்ளை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மூன்று முறை குனிந்து மூன்று முறை எழுந்தார். சாக்பீஸ் கட்டியைக் குச்சி நுனியில் தேய்த்தார், தேவையில்லாமல் இன்னொரு முறையும் தேய்த்தார். கடைசியில், ஊதித் தள்ளியதுபோல் மெல்ல ஒரு தட்டு. மஞ்சள் குழியின் வாயில் யோசித்து நின்று உள்ளே போயிற்று. வெள்ளை ஓரக்கட்டையில் பட்டுக் களைத்துத் திரும்பி, நீலத்துக்கு வேண்டிய கோணலில் நின்றது.

யாரும் விசிலடிக்கவில்லை. இரண்டு பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீலம் போயிற்று. கறுப்பு, வெள்ளை, குழி மூன்றும் ஒரே கோட்டில், ஒரு முழத் தூரத்தில். கஸ்தூரியே வந்து போட்டுவிடக்கூடிய பந்து. கஜபதி அதன்முன் நின்ற நேரம்தான் அன்று அவர் எடுத்துக்கொண்ட மிக நீண்ட நேரம். இவ்வளவு எளிய பந்தை அடித்து அவருக்குப் பழக்கமேயில்லை. குனிந்தார், தட்டினார், அப்படியே இருந்தார்.

கறுப்பு உள்ளே விழுந்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார் முனியன், டீ வாங்கப் போய் வந்தவர்போல.

"முடிஞ்சுது" என்றார் ஜமீலா. சுவரில் மாட்டியிருந்த பலகையில் நான்காவது பெயரை எழுதத் திரும்பினார்.

விக்ரம் வந்து மறுபடி கை கொடுத்தார். "சூப்பருங்க சார். கடைசி கேம்ல உங்களுக்கு எல்லாமே ஈஸி பாலா மாட்டிடுச்சுங்க."

"ஆமா தம்பி, மாட்டிக்கிச்சு" என்றார் கஜபதி. 'உனக்கு எல்லாம் ஈஸி பாலு' என்பது பதினாறு தோல்விகளிலும் அவர் விக்ரமிடம் சொன்ன வார்த்தை. இப்போது அது தனக்கே திரும்பி வந்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

இருக்கை அவருடையது. அடுத்த ஞாயிறு கஸ்தூரியும் ஷர்மிளாவும் வந்து பார்க்கலாம். பார்ப்பதற்கு என்ன இருக்கும்? ஒரு மனிதன் குனிந்து, பக்கத்துப் பந்தைப் பக்கத்துக் குழியில் போட்டுவிட்டு, நான்கு விநாடி எழுந்திருக்காமல் இருப்பான். ஷர்மிளா மறுநாள் லைனில் என்ன சொல்வாள்? கஜபதி மேசையை விட்டுப் போகாமல் சுற்றி நடந்தார்.

"இன்னா மாமே, ஜெயிச்சும் மூஞ்சி இப்டி கீது?" என்றார் முனியன்.

"ஒருத்தன்கூட கை தட்டலியேடா."

"தட்ற மாதிரி இன்னா பண்ணே? குறுக்கால ஒண்ணு, நெடுக்கால ஒண்ணு உட்டியா?"

கஜபதி குழிக்குள் கைவிட்டுக் கறுப்பை எடுத்தார். மேசையின் தூரத்து மூலைக்கு அருகில் வைத்தார். வெள்ளையை மறுகோடியில் வைத்து, குறுக்கே இரண்டு பட்டைப் பந்துகளை நிறுத்தினார். போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். அவர் குனிந்த வேகத்திலேயே அடித்தார். வெள்ளை இரண்டு ஓரக்கட்டைகளில் அறைந்து, பட்டைப் பந்துகளுக்கு நடுவே புகுந்து, கறுப்பைக் குழிக்குள் விரட்டியது. பார்லர் அதிர்ந்தது. முனியன் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில் கீழே செருப்புக் கடைவரை கேட்டிருக்கும். கஜபதி நிமிர்ந்து, முகமெல்லாம் பல்லாக, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால், யாரும் பார்க்காமல், வெள்ளை நிதானமாக உருண்டு போய் இடப்பக்க மூலைக் குழியில் விழுந்தது. பலகையில் 'கஜ' வரை எழுதியிருந்த ஜமீலா மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதுவதை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மீதி எழுத்துகளையும் எழுதினார்.